கையைத் தூக்கி நின்ற இன்னாசி

கஞ்சி ஆறட்டும் என்று தூக்குச்சட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது. "அக்கா, கஞ்சி கொண்டுவர வேண்டாம்க்கா" என்றாள். "ஏன்ளா, ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டாவளா?" என்று கேட்டேன். வேறு யாரோ ஒரு பெண் போனை வாங்கி, இன்னாசி போய்விட்டான் என்று சொன்னாள். சரி, சரி என்று கேட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் கையில் தூக்குச்சட்டி இருப்பது தெரிந்தது. அதை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று விளங்காமல், அவன் முகத்தைப் பார்க்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

இன்னாசி என் வீட்டுக்காரரின் தம்பி. ஜெசிந்தா அவன் மனைவி. நம் கடற்கரையிலிருந்து கிளம்பிச் சென்னை, கொல்கத்தா, கோவா என்று சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நம் ஊர்க் கால்பந்துக் கமிட்டி கூடப்போகிறது. மே மாதப் போட்டியின் கோப்பைக்கு அவன் பெயரை வைப்பதா, வேண்டாமா என்று முடிவெடுக்கப்போகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் அவன் தடுக்காமல் விட்ட அந்த ஒரு கோலைத்தான் சொல்கிறார்கள். "பங்கு மடலுக்கு நீங்க எழுதுங்கக்கா, நீங்கதான் எதையும் கணக்கா சொல்லுவிய" என்று ஜெசிந்தா கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. வேதப் புத்தகத்தையும் பங்கு மடலையும் எழுத்துக்கூட்டிப் படித்தே எழுதப் பழகினேன். வீட்டு வரவும் செலவும் ஒத்து வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இவன் விஷயம் எனக்கு இன்னும் ஒத்து வரவில்லை. ஒத்து வராததை அப்படியே எழுதுகிறேன்.

கல்யாணமாகி வந்த புதிதில், அவனுக்கு ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் குருசடியில் மெழுகுதிரி ஏற்றி, "மாதாவே, என் கொழுந்தன் கோல் போடணும்" என்று வேண்டுவேன். ஒரு கோலும் வராது. மீன் கொண்டுவரும் எஸ்தர் கூடையை இறக்கும்போதே ஆரம்பிப்பாள். "ஏளா, ஒங் கொழுந்தன் கல்கத்தாவுல போயி ஆடுதானாம்லா, ஒரு கோலாச்சும் போட்டானா?" மாதாவுக்கு என் மேல் என்ன கோபமோ என்று குழம்பிப்போனேன். கிறிஸ்மஸுக்கு வந்தவனிடம் சொல்லி வருத்தப்பட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"மைனி, நான் ஸ்டாப்பர்லா. கோல் போடுறது எஞ்சோலி இல்ல. போட விடாம நிக்கிறதுதான் எஞ்சோலி."

"அப்ப நான் இத்தன நாளும் வேண்டுனதெல்லாம்?"

"அது முன்னால நிக்கிறவனுக்குப் போயிருக்கும். போன மாசம் ஒருத்தன் சும்மா போட்டுத் தள்ளுனான். யாரு வேண்டுதலோன்னு பாத்தேன்."

"இனிமே என்னத்தலே வேண்ட?"

"ஒண்ணும் நடக்கக்கூடாதுன்னு வேண்டுங்க. ஒண்ணும் நடக்கலன்னா, நான் நல்லா ஆடியிருக்கேன்னு அர்த்தம்."

நடக்காத ஒன்றுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அப்படித்தான் வேண்டினேன்.

கோயிலில் அவன் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கடைசி வாசலை ஒட்டித்தான் நிற்பான். "இன்னாசி, முன்னால வாரும், இங்கன யாரும் பந்து கொண்டுவரல" என்று பங்குச் சாமியாரே கேலி செய்திருக்கிறார். "பின்னால நின்னாத்தான் சாமி எல்லாரும் கண்ணுல படுதாவ" என்பான். ஒரு திருவிழாவில் சப்பரம் வந்துகொண்டிருந்தது. அவன் அதற்கு முதுகைக் காட்டி நின்று என்னிடம் மீன் விலை பேசிக்கொண்டிருந்தான். பேச்சை நிறுத்தாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, சப்பரத்துச் சக்கரத்துக்கு நேராக ஓடிய ஒரு சின்னப் பிள்ளையின் சட்டையைப் பிடித்துவிட்டான். "முதுகுலயாலே ஒனக்குக் கண்ணு?" என்றேன். "காலுச் சத்தம் கேட்டுது மைனி" என்றான். அதை அன்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். பின்னால் அதுவே அவனுக்கு எதிராக வந்து நின்றது.

வேம்பார் தொம்மையை உங்களில் பலருக்குத் தெரியும். அந்தப் பையனைச் சென்னைக்குக் கூட்டிப்போய் முதன்முதலில் ஒரு கிளப்பில் சேர்த்துவிட்டதே இன்னாசிதான். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருவருக்கும் சாப்பாடு. அவன் வேறு கிளப்புக்குப் போன பிறகு, ஒரு சீசனின் கடைசி ஆட்டத்தில் இவர்கள் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். இன்னாசியின் கிளப்புக்குத் தோற்காமல் இருந்தாலே போதும். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டும். எங்கள் வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. ஒன்றும் நடக்கக்கூடாது என்று நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். முடியப்போகிற நேரத்தில் ஒரு பந்து உயரமாக வந்தது. தொம்மை இன்னாசியைத் தாண்டி ஓடினான். இன்னாசி ஓடவில்லை. வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு நின்றான், கோயிலில் சத்தியம் செய்கிறவனைப் போல. ஓரத்தில் நின்ற லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. தொம்மை போய்க் கோல் போட்டான். இன்னாசியின் கை அப்போதும் இறங்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆஃப்சைடுன்னு கை தூக்குதான்" என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். தடுக்கிற ஆட்கள் எல்லோரையும் தாண்டி முன்னாலேயே போய் நின்று பந்தை வாங்கினால் அது செல்லாதாம். ஆனால் இன்னாசியின் ஆள் ஒருவன் அந்த ஓரத்தில் பின்தங்கி நின்றிருந்தான். அவன் நின்றதால் கோல் செல்லும். டிவியில் திரும்பத் திரும்ப அதைக் காட்டினார்கள். தெருவில் அன்றே பேச்சு தொடங்கிவிட்டது. "முதுகுல கண்ணு உள்ளவனுக்குப் பக்கத்துல நிக்கிற சொந்த ஆளு தெரியாதா? வேம்பாரு பையன் பொழச்சிக்கிடட்டும்னு விட்டுட்டான்லே." கிளப் இறங்கியது. இன்னாசியை அடுத்த வருடம் யாரும் கூப்பிடவில்லை. அவன் இங்கேயே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான்.

அண்ணன் கேட்டபோது, "பாக்கலண்ணே" என்றான். ஜெசிந்தா கேட்டபோது, "பாத்தா மட்டும்? தொம்ம பெறத்தால ஓடுறதுக்கு எனக்கு முட்டு எங்கன இருந்துச்சு?" என்று முழங்காலைத் தடவினானாம். நானும் ஒருநாள் தோசை ஊற்றிக்கொண்டே கேட்டேன். "ஏலே, மாதா மேல சத்தியமா சொல்லு. தெரிஞ்சுதான் விட்டியா?" அவன் தட்டைப் பார்த்தபடி, "கையத் தூக்குனேன்லா மைனி" என்றான். அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பொய் சொல்லத் தெரியாதவன். ஆனால் ஆளுக்கொரு பதில் சொன்னான். மூன்றும் உண்மையாக இருக்க முடியுமா?

அடக்கத்துக்குத் தொம்மை வந்திருந்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு நகர்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தான். இவனிடமாவது கேட்டுவிடலாம் என்று பக்கத்தில் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவனே சொன்னான்: "மைனி, அன்னைக்கு ஓடயில ஒரு நொடி அண்ணன் மூஞ்சியப் பாத்தேன். பல்லு தெரிஞ்சுது. சிரிச்சாவளா, முட்டு வலியா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அந்தக் கோலுக்குப் பெறவுதான் எனக்கு ஒரு வாழ்க்க. அது அவுக குடுத்ததா, நான் எடுத்ததான்னு கேக்கணும்னே இருந்தேன். கேட்டா சொல்லிருவாவளோன்னு பயம்." பிறகு சின்னப் பிள்ளையைப் போல அழுதான்.

இனி யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இன்னாசி போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவன் வலது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து உயர்ந்தது. உள்ளங்கை எங்களைப் பார்த்து விரிந்திருந்தது. "தண்ணி கேக்காவளோ?" என்றாள் ஜெசிந்தா. கை தானாக எழும்பும், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கோ அவன் போதும் என்று சொல்வதுபோல் இருந்தது. சத்தம் அவனுக்குத் தொந்தரவு என்று நினைத்தேன். ஜெபத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். கை மெதுவாக இறங்கியது. மீதியைக் காலையில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து அரிசியை ஊறப்போட்டேன்.

நிறுத்தியது சரியா? அவன் நிறுத்தச் சொன்னானா, விடாதே என்று சொன்னானா, எதுவும் சொல்லவில்லையா? நான் ஜெபத்தை விட்டு நின்ற அந்த நேரத்தில் எதுவோ என்னைத் தாண்டிப் போய்விட்டது. நிற்கும்போது நின்றது சரி என்றுதான் தோன்றியது. அதை மட்டும் என்னால் சத்தியமாகச் சொல்ல முடியும். இன்னாசிக்காகவும் இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. கமிட்டிக்காரர்கள் இதை எந்தப் பக்கம் வைத்துக் கூட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. கோப்பையில் அவன் பெயர் இருக்கவேண்டும் என்று ஜெசிந்தா ஆசைப்படுகிறாள். எனக்கும் அதுதான் ஆசை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கைதான். தினமும் ஜெபமாலையில் அன்று நிறுத்திய இடம் வரும்போது நாக்கு தானாக நிற்கிறது. அப்போது அவன் சொல்லித்தந்தபடி, "மாதாவே, இன்று இந்தத் தெருவில் ஒன்றும் நடக்கக்கூடாது" என்று வேண்டிக்கொள்கிறேன். பிறகு அடுத்த மணியை எடுக்கிறேன். இப்போதெல்லாம் மீதியைக் காலைக்கு வைப்பதில்லை.