ஒரு கிலோமீட்டர் வட்டம்

கோவில்பட்டியில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். தனியார் பள்ளிகளில் இலவச இடத்துக்கு விண்ணப்பிக்கும் மாதத்தில், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வாசல் வரை நிற்பார்கள். வீடு இருக்கும் இடத்தைத் திரையில் தெரியும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளின் பட்டியல் வரும். அவற்றில்தான் இடம் கேட்கலாம். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குறி வைத்தால் பட்டியல் நீளும். பைபாஸுக்கு அப்பால், கரிசல் காட்டை பிளாட் போட்டு எழுந்த குடியிருப்புகளில் வைத்தால் ஒன்றுமே வராது.

அந்தப் பெண் அங்கிருந்துதான் வந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். கணவனுக்கு ஆடு மேய்ப்பு. அன்றைக்கே பள்ளியில் சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்து மகளுக்குப் புதுக் கவுன் போட்டுக் கூட்டி வந்திருந்தாள்.

"உங்க பக்கம் பள்ளிக்கூடமே காட்டலைம்மா" என்றேன்.

"எப்படிக்கா காட்டாது? ரோட்டைத் தாண்டினா இருக்கே. எங்க வீட்டுக்காரர் ஆடு பத்திக்கிட்டு அந்தக் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் வாராருல்லா."

வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவள் சொன்ன பள்ளி வட்டத்தின் கோட்டுக்கு வெளியே, ஒட்டினாற்போல் இருந்தது.

"அந்தக் குறியைக் கொஞ்சம் இங்கன தள்ளி வைங்களேன், எக்கா."

கொடுக்கும் முகவரிச் சான்றோடு ஒத்துப்பார்ப்பார்கள், தப்பென்று தெரிந்தால் என் வேலை போய்விடும் என்றேன். அது உண்மைதான்.

"உங்க பிள்ளை எங்கன படிக்கான்?" வெகுளியாகத்தான் கேட்டாள்.

அதே பள்ளியின் பெயரைச் சொன்னேன்.

"நல்லாச் சொல்லிக் குடுக்காவளா?"

"ம்."

என் வீடும் வட்டத்துக்கு வெளியேதான். மகனுக்காக, என் அக்கா வீட்டில் குடியிருப்பதாக வாடகை ஒப்பந்தம் எழுதி, அதையே சான்றாக வைத்து அந்த முகவரியில் விண்ணப்பித்திருந்தேன். அந்த வழியை இவளுக்கும் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்னதுபோல. யாராவது புகார் கொடுத்தால் என் மகனை வெளியே அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் அடுத்தவரின் காகிதங்களை வாங்கிக்கொண்டேன். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறு வருடம் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க வந்தாள். மையத்தில் வேறு யாரும் இல்லை. மகளை ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் விடப்போவதாகச் சொன்னாள்.

"அங்கன அஞ்சு வகுப்புக்கும் ஒரே டீச்சர்தாம்க்கா. அவிய மீட்டிங் போனா அன்னைக்குப் பிள்ளைய சும்மா இருக்குங்க."

அப்போது சொல்லிவிட்டேன். அக்கா வீட்டு முகவரி, ஒப்பந்தம், எல்லாவற்றையும்.

"போன வருசமே சொல்லியிருக்கக் கூடாதா? எங்க அண்ணன் வீடு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருதான். இப்ப முடியுமா?"

"எல்.கே.ஜி.யிலதான் சேர்ப்பாங்க. வயசு தாண்டிட்டும்மா."

திட்டியிருந்தால் தேவலை. சான்றிதழ் விண்ணப்பத்தில் மகளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, ஓர் எழுத்து தப்பாக இருப்பதைக் காட்டினாள். திருத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு எங்கள் மையத்துக்கு வரவில்லை.

இந்த வருடமும் விண்ணப்பம் தொடங்கிவிட்டது. வருகிறவர்களின் வீட்டை, அது இருக்கும் இடத்திலேயே குறிக்கிறேன். பட்டியல் வராதபோது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறேன்.