கம்பளிக்குள் ஒரு கடிகாரம்

பழைய எஸ்டேட் பங்களா ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது நான் எடுத்த அலாரக் கடிகாரத்தின் எண்கள் இருட்டில் பச்சையாக ஒளிரும். அசல் ரேடியம் பூச்சு என்று படித்ததில் எனக்குப் பெருமை, மனைவிக்குப் பீதி.

கோவையில் இயற்பியல் வாத்தியாராக இருக்கும் அவளுடைய தம்பி, கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு குன்னூருக்கு ஏறி வந்தான். பாறையும் வானமும் எந்நேரமும் நமக்குக் கொஞ்சம் கதிர்வீச்சைத் தந்துகொண்டுதான் இருக்கின்றன என்றான்.

"சும்மா உக்காந்திருந்தாலே வர்ற அளவுக்குப் பக்கத்துல இந்தக் கடியாரம் வந்துச்சுன்னா, அது வீட்டை விட்டுப் போகோணும்" என்று மனைவி நிபந்தனை போட்டாள்.

வெறும் அறையில் கருவி சோம்பலாகச் சொடுக்கியது. கடிகாரத்தருகே கொண்டுபோனதும் கடுகு தாளித்த மாதிரி பொரிந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"ராத்திரியில கடியாரம் எங்கீங்க மச்சான் இருக்கும்?"

"மேசை மேல. என்கிட்ட இருந்து நாலடி."

நாலடியில் அளந்தான். நான் நோட்டும் பென்சிலும் எடுத்து எட்டு மணி நேரத் தூக்கத்தால் பெருக்கினேன். பாறையும் வானமும் தருவதற்கு முன்னால் அது வெறும் சிட்டிகை! அறையை ஒரு சுற்று ஆடி வந்தேன், முழங்கால் அனுமதித்த அளவுக்கு.

"ஏனுங்க, பனிக்காலத்தைச் சொல்லலியே?" என்றாள் மனைவி.

வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். உறைபனி நாட்களில் கடிகாரம் விறைத்து நின்றுவிடும். ஆகவே வெந்நீர்ப் பையோடு அதையும் கம்பளிக்குள் படுக்க வைத்துக்கொள்வது என் வழக்கம் என்று ஒப்புக்கொண்டேன்.

"கம்பளிக்குள்ளயா! எவ்வளவு தூரத்துலீங்க?" என்றான் மைத்துனன்.

"அரையடி இருக்கும்."

"நெஞ்சோட கட்டிக்கிட்டுத் தூங்கறாரு தம்பி. என்னைய ஒரு நாளாச்சும் இப்படி..."

மைத்துனன் அவசரமாக ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்தான்.

தூரம் எட்டில் ஒரு பங்கானால், கதிர்வீச்சு எட்டெட்டு அறுபத்து நாலு மடங்கு. அறுபத்து நாலு சிட்டிகை சேர்ந்தால் அது ஊறுகாய்க்குப் போடும் உப்பு. ஆட்டத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"கண்ணாடி உடையாம, தொறந்து நோண்டாம, தள்ளி வெச்சாப் போதுமுங்க" என்று மைத்துனன் சிபாரிசு செய்தான்.

மனைவி யோசித்தாள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும். ஹால் அலமாரியில பூட்டி வெச்சுக்கறேன்."

"கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கணுமே?"

"நானே குடுக்கறேன். ஒரு நிமிசந்தான்."

ஒரு நிமிடம், கையெட்டும் தூரம், முந்நூற்று அறுபத்தைந்து நாள்... அவளுடைய கணக்கைப் போடக் குதூகலமாக அடுத்த தாளைத் திருப்பினேன். மைத்துனன் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான்.