கேட்டு வாங்காத ரோஜா

செடியைக் கேட்டு வாங்கி வைத்தால் வேர் பிடிக்காது, திருடி வைத்தால்தான் பிழைக்கும் என்பது பவளத்தின் தெருவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம். அவள் வாசலில் நின்ற பன்னீர் ரோஜாவே திருட்டுச் சொத்துதான். லாரி ஓட்டிய அவள் புருஷன் வரதன், ஏனாத்தூரில் யார் வீட்டிலோ குச்சி ஒடித்து வந்து நட்டது. ஆள் போய் நாலு வருஷமாகிறது. பவளத்தின் புலம்பலையெல்லாம் இப்போது செடிதான் கேட்டுக்கொண்டிருந்தது. எதிர்த்துப் பேசாததில் அவனைவிடத் தேவலை.

இந்தத் தை மாசம் அதற்கு நுனி கருகத் தொடங்கியது. பவளம் கருகியதை வெட்டி, வெட்டிய இடத்தில் மஞ்சள் குழைத்துப் பூசினாள். புளித்த மோர் தெளித்தாள். உத்திரமேரூர் உரக்கடையில் கொடுத்த மருந்தையும் அடித்தாள். தன் சர்க்கரை மாத்திரையை மறந்தாலும் இதை மறக்கவில்லை. கறுப்பு எதையும் மதிக்காமல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

"அக்கா, அடித்தண்டு வரைக்கும் பூட்ச்சி. புடுங்கிப் போட்டுட்டு வேற வை" என்றாள் எதிர்வீட்டுப் பரிமளா.

"இன்னாடி பேச்சு இது? அந்த ஆளு வெச்சது. அவரத் தூக்கிக்கினு போனப்பவே சும்மா பாத்துக்கினு நின்னேன். இத என் கையாலயே புடுங்கணுமா?"

பரிமளாவின் வாசலிலும் ஒரு பன்னீர் ரோஜா பூத்துக் குலுங்கியது. முன்னொரு நாள் பவளம் குழாயடியில் நின்றபோது பரிமளா அவளுடைய செடியில் ஒடித்துப் போன குச்சி அது. பவளம் அதை அன்றே பார்த்தாள். பார்த்துவிட்டுக் குடத்தைப் பார்த்தாள். அதுவும் சட்டத்தில் சேர்த்திதான்.

அன்று சாயங்காலம் பவளம் அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். துளிப் பச்சை இல்லை. உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, பிடுங்கி, கொளுத்தினாள்.

மறுநாள் காலை பரிமளா தன் வாசலுக்கு வந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "நான் தலைக்குக் குளிக்கப் போறேன். வர நேரமாவும். வூட்ல யாரும் இல்ல. நாயக்கூட கட்டிட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. மதில்மேல் கத்தரிக்கோல் இருந்தது.

பவளம் தெருவைக் கடந்தாள். திருடிப் பழக்கமில்லாததால் தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஒரு குச்சி வெட்டி, முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, பழைய குழியில் நோய் இருக்கும் என்று தள்ளி ஓர் இடத்தில் நட்டாள். வரதன் வைத்த அதே செடி. தண்ணீர் ஊற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அதனிடம் புலம்ப ஆரம்பித்தாள்.

"பாத்தியா, இந்தப் பரிமளா தண்ணி ஊத்திக்கிற சத்தமே இல்லாம குளிக்கிறா."