சொத்தைக்கு மூன்று, மற்றவற்றுக்கு ஒன்பது

பல்லைப் பிடுங்க அரை மணி நேரம் போதும். அந்தப் பல் ஏன் போயிற்று என்று இன்ஷூரன்ஸ்காரருக்குப் புரியவைக்க அரை மாதம் வேண்டும்.

திருவொற்றியூரில் ஒரு பல் கிளினிக்கின் பில் கவுண்டரில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் துறைமுகத்தில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டினேன். படிப்பு எட்டாம் வகுப்பு வரைதான். கையில் ஃபாரத்தோடு கவுண்டர் முன்னால் நின்று கால் கடுத்தவர்களும், எனக்கு எதிரில் நின்று என்னைத் திட்டியவர்களும் இதைப் படியுங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

டாக்டரம்மா கொடுத்த அட்டை

சேர்ந்த அன்று டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையைக் கொடுத்தார். வாயில் ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கு ஒரு கோடு நம்பர். ஓர் எழுத்து, சில எண்கள். எல்லாருக்கும் அதேதான், கடைசி எண் மட்டும் மாறும். அடிபட்டுப் போனால் ஒன்று, ஈறு கெட்டுப் போனால் இரண்டு, சொத்தையில் போனால் மூன்று, மற்ற காரணம் என்றால் ஒன்பது. ஒன்பது போட்டால் பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் காரணத்தையும் எழுத வேண்டும்.

சுற்றியிருக்கும் கம்பெனிகள் தொழிலாளிகளையும் குடும்பத்தையும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தன. எந்த எண் போட்டாலும் பல் பிடுங்கிய செலவு வந்துவிடும். செட் பல்லுக்குத்தான் காரணம் பார்ப்பார்கள். சொத்தை என்றால் செட் பல் கிடையாது, அது அவரவர் பல் தேய்க்காத குற்றமாம். "சந்தேகமா இருந்தா என்ன போடறதும்மா?" என்று கேட்டேன்.

"மூணு போடுங்க பெரியவரே. மூணு போட்டா யாரும் போன் பண்ணிக் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார்.

முப்பத்திரண்டுக்கும் கணக்கு

காத்திவாக்கத்திலிருந்து இறால் விற்கும் ஒரு அம்மா வந்தார். மகன் கம்பெனியில் வேலை பார்ப்பதால் அவருக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. வாய் வெறும் ஈறு. பல் எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

"ஏழு புள்ளைங்க. ஒவ்வொண்ணும் பொறக்கசொல்ல நாலு பல்லு எடுத்துக்கினு வந்துச்சு. மீதி நாலு என் வூட்டுக்காரன் கைங்கரியம். கணக்கு சரியா கீதா பாரு."

சிரித்துவிட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு காரணம்தான் எழுத முடியும் என்று சொல்லி மூன்று போட்டேன். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடிபட்டதுன்னு போடு நைனா. அந்தாளைக் கட்டிக்கினதே எனக்கு அடிதான்."

அன்றைக்கு அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு செட் பல் வரவில்லை.

ஏழுமலை வந்தான்

எனக்கு ஒரு குணம் உண்டு. யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டாலோ ஒரு தப்புச் செய்துவிட்டாலோ அதை மறக்க மாட்டேன். எங்கள் கிளினிக்கில் செட் பல் செய்யும் காதர் பாய் என் குடையை வாங்கிப்போய் கம்பி உடைத்துக் கொடுத்து நாலு வருஷமாகிறது. மழை வந்தால் இன்றும் அவர்மேல்தான் கோபம் வரும்.

ஏழுமலை என் தெருக்காரன், ஒரு காலத்தில் தோஸ்து. என் மகள் நிச்சயதார்த்தத்தில் லக்னப் பத்திரிகையை நானே வாசிக்கிறேன் என்று எழுந்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். சம்பந்தி வீட்டார் முன்னால் இவன், "எட்டாங்கிளாஸுக்கு மேல நம்மாளுக்கு வண்டி ஏறாது" என்று சிரித்தான். சபையே சிரித்தது. அதோடு பேச்சை நிறுத்தினேன். பன்னிரண்டு வருஷம்.

போன மாசி மாதம் அவன் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றான். மிச்சமிருந்த பல்லையெல்லாம் உள்ளே பிடுங்கியாகிவிட்டது, வாயில் பஞ்சு. சாத்தாங்காட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் இரும்புக் கம்பியை ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை அவனுக்கு. தெருவுக்கே தெரியும், எனக்கும் தெரியும். யாராக இருந்தாலும் என்ன தொழில் என்று கேட்டு எழுத வேண்டும். அவனைக் கேட்கவில்லை. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். ஒன்பதுதான் சரி என்று தெரியும்; ஆனால் ஒன்பது போட்டால் காரணம் எழுத வேண்டும். அவனுக்காக ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்று போட்டேன். டாக்டரம்மா வழக்கம்போலப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

அவன் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு சொன்னான்: "இன்னா மாமு, இன்னும் பேச மாட்டியா? சரி, எழுதறதையாவது நல்லா எழுதி வுடு."

காதர் பாய் தட்டைக் காட்டினார்

மறுநாள் காதர் பாய் என்னை உள்ளே கூப்பிட்டார். ஏழுமலையின் பற்களை ஒரு தட்டில் வைத்திருந்தார். முன்பல் எல்லாம் பாதியாகத் தேய்ந்து கண்ணாடித் துண்டுபோல வழவழவென்று இருந்தன. கறுப்பே இல்லை.

"ஓட்ட எங்க கீது, காட்டு" என்றார். குனிந்து பார்த்தேன், ஓட்டை இல்லை. "சொத்தைன்னா ஓட்ட வுழும். இது ஆசிட் காத்து தின்ன பல்லு. வருசக் கணக்கா வாயத் தொறந்து மூச்சு வுட்டிருக்கான் அந்த மனுசன். நீ இன்னா எழுதின?"

சொன்னேன். அவர் தட்டை மூடி வைத்தார்.

"என் கையில ஒரு கொடைக்கம்பிதான் ஒடஞ்சுச்சு நைனா" என்றார்.

போனில் ஒரு பெண்

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. சொத்தை, சுகாதாரக் குறைவு, செட் பல்லுக்கு அனுமதி இல்லை. ஏழுமலை புகையிலை, பாக்கு எதுவும் தொடாதவன். அந்தத் தாளைத் தெருவில் எல்லாரிடமும் காட்டி, "நான் பல்லு வெளக்காதவனாம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததாக என் வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கோடு நம்பர் சரிபார்க்கும் ஆபீசுக்குப் போன் போட்டேன். மூன்றை ஒன்பதாக மாற்ற வேண்டும், அவ்வளவுதானே என்றேன். எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். டாக்டர் கடிதம் வேண்டும், தொழில் சரியாக எழுதிய புது ஃபாரம் வேண்டும், அதில் நோயாளி கையெழுத்து வேண்டும் என்றது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமலே கடிதம் எழுதிக் கொடுத்தார். மிச்சம் கையெழுத்துதான்.

"ஒரு நம்பர்தான் சார், ஆனா அதை எதுக்கு முதல்ல தப்பா போட்டீங்கன்னு பேஷண்ட் கேட்பாரே?" என்று போனை வைக்கும்போதே கேட்டிருந்தது அந்தப் பெண்.

கையெழுத்து

ஏழுமலை வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பன்னை டீயில் ஊறவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். ஃபாரத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். பேனாவை வாங்கிக்கொண்டான், போடவில்லை.

"ஒண்ணு சொல்லு. தெரிஞ்சு எழுதினியா, தெரியாம எழுதினியா?"

"எதுக்குக் கேக்கற?"

"தெரியாம எழுதினேன்னா கையெழுத்துப் போடறேன். தெரிஞ்சு எழுதினேன்னா அந்த செட்டு எனக்கு வேணாம். ஈறாலயே துன்னுக்கறேன்."

உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பல் இல்லை. பொய் சொன்னால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவன் சொன்னதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி. டீ ஆறிக்கொண்டிருந்தது. "தெரியாமத்தான் எழுதினேன்" என்றேன்.

அவன் கையெழுத்தைப் போட்டான். அப்புறம் வெறும் ஈறு தெரியச் சிரித்தான்.

"அதத்தான் அன்னிக்கே சொன்னேனே மாமு, எட்டாங்கிளாஸுக்கு மேல வண்டி ஏறாதுன்னு!"

புது ஃபாரம் போய் மூன்று வாரமாகிறது; செட் பல் வந்தால் அதை மாட்டிக்கொண்டு அவன் முதலில் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பான், அந்தச் சிரிப்புக்காகத்தான் தினமும் பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.