நான் எழுதிக் கொடுத்த மனு

மாம்பலத்து ஏரியைத் தூர்த்துப் போட்ட புதுத் தெருவுக்கு நாங்கள் குடிவந்தபோது அங்கே மூன்றே வீடுகள். இவர் ஆபீஸுக்குப் போனபின் கைக்குழந்தையோடு தனியாக இருப்பேன். எதிர்மனையில் ஒரு தம்பதி கீற்றுக் கொட்டகையில் இட்லிக் கடை போட்ட பிறகுதான் ஆள் நடமாட்டம் வந்தது. பக்கத்திலேயே வெற்றிலைக் கடையும் முளைத்தது. இட்லிக் கடைக்காரிக்கும் என் மகன் வயதில் ஒரு பெண். இரண்டையும் ஒரே பாயில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம்.

சுகாதார இன்ஸ்பெக்டரின் சேவகன் தினமும் தூக்கு நிறைய இட்லி சும்மா வாங்கிப் போவான். கடைக்கு லைசென்ஸ் மட்டும் வரவில்லை.

"துன்னுட்டுப் போறான், வுடும்மா. நமக்கு இன்னாத்துக்கு வம்பு?" என்றாள் அவள்.

நான் கேட்கவில்லை. படித்தவள் சும்மா இருக்கலாமா என்று மேலதிகாரிக்கு இங்கிலீஷில் மனு எழுதி, அவள் கணவனிடம் கைநாட்டு வாங்கி அனுப்பினேன். மேலதிகாரி அதை விசாரிக்கச் சொல்லி அதே இன்ஸ்பெக்டரிடம் அனுப்பிவிட்டார். மனுவைக் கையில் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்தார் இன்ஸ்பெக்டர்.

"இங்கிலீஷ் பலமா இருக்கே! யாருடி எழுதினது?"

அவள் என் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுவாரம் லைசென்ஸ் இல்லை என்று சொல்லிக் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். "நீ நல்லதுக்குத்தாம்மா செஞ்சே" என்று சொல்லிவிட்டு அவள் சைதாப்பேட்டைப் பக்கம் போனாள். வெற்றிலைக் கடையும் போயிற்று. மனைகள் வெகுகாலம் காலியாகவே கிடந்தன.

எழுதாமல் இருந்திருந்தால் அவள் இங்கேயே இருந்திருப்பாளோ? இல்லை, அந்த அதிகாரிகள் இட்லிக்கு மேல் வேறு ஏதாவது கேட்டிருப்பார்களோ? தெரியவில்லை. மகன் எதிர்மனையைப் பார்த்துக் கை நீட்டி அழுவான். அவனைச் சமாதானம் செய்யும் சாக்கில் நானும் வாசலிலேயே நிற்பேன்.