மேல் பலகையில் கேட்ட குரல்

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இரண்டு பேர். இருவரையும் அந்த அறைக்குள் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னேன். இருவருக்கும் உடனே அவசர வேலை வந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

நானும் என் மனைவியின் தம்பியும் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறோம். கூடத்தின் பின்பக்கம் முந்தின ஆட்கள் பூட்டிப் போட்டிருந்த சானா அறை ஒன்று இருந்தது. மரச் சுவர், உட்காரக் கீழும் மேலுமாகப் பலகைகள், மின் அடுப்பு, அதன்மேல் கற்கள். சுடும் கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி கிளம்பும். உட்கார்ந்து வியர்க்க வேண்டியதுதான். அதைத் திறக்கலாம் என்று முடிவு செய்தோம்.

சாமான் வாங்கப் போன மச்சினன் பளபளவென்று ஓர் எவர்சில்வர் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் வாங்கி வந்தான்.

"இதைப் பிடிச்சா கை வெந்துடும்டா. வாளி நெளிஞ்சுடும்."

"பார்க்க அழகா இருக்குல்ல மாமா."

அழகாம். திருப்பிக் கொடுத்துவிட்டு மர வாளியும் முழ நீளக் காம்பு வைத்த மரக் கரண்டியும் வாங்கினேன். யூகலிப்டஸ் தைலத்தைக் கல்லில் விடக் கூடாது, தீப்பிடிக்கும். வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விட்டேன்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆவி நேராக மேலே ஏறும். மேல் பலகையில் இருப்பவருக்குத்தான் முதல் சூடு. அதனால் ஒவ்வொரு கரண்டிக்கும் முன்னால் "ஊத்தவா?" என்று கேட்க வேண்டும். மேலே இருப்பவர் சரி என்றால்தான் ஊற்றலாம்.

சோதித்துப் பார்க்க மச்சினன் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தான். தாய் தகப்பன் இல்லாத பையன், என் மனைவி தூக்கி வளர்த்தவன். "அவனைப் பார்த்துக்கோங்க" என்று காலையில்கூடச் சொல்லி அனுப்பினாள். அவனுக்கு ஒன்று ஆனால் நான் வீட்டுப் படி ஏற முடியாது.

மாலை 5.40. வெப்பமானியில் எண்பது டிகிரி. விளக்கு பலகைக்கு அடியில் இருந்ததால் மேலே இருட்டு. நான் கீழே, கதவோரம்.

"ஊத்தவா?"

"ஊத்துங்க மாமா."

ஸ்ஸ்ஸ்... ஆவி அவனை மூடியது.

5.43. "ஊத்தவா?"

"ஊத்துங்க."

மாமா இல்லை. தொண்டை காய்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஊற்றினேன். மேலே பலகை ஒருமுறை கிறீச்சிட்டது.

5.46. "ஊத்தவா?"

"ஊத்து."

எனக்குச் சுள்ளென்று வந்தது. வயசுக்கு மரியாதை வேண்டாமா? இவனுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று கறுவிக்கொண்டே கரண்டி நிறைய மொண்டு ஊற்றினேன். அந்தக் கோபத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

5.48. நான் ஊத்தவா என்று கேட்கவில்லை.

"ஊத்து."

குரல் அவனுடையதுதான். ஆனால் மூச்சு வாங்கவில்லை... அந்தச் சூட்டில் மூச்சு வாங்காமல் யார் பேச முடியும்?

"போதும்டா, இறங்கு."

அவன் இறங்கவில்லை.

"டேய்..."

"ஊத்து."

கரண்டியைக் கீழே போட்டேன்.

5.49.

"ஊத்து... ஊத்து... ஊத்து..."

கதவை உதைத்துத் திறந்தேன்.

வெளிச்சம் விழுந்தது.

அவன் வாய் திறக்கவே இல்லை. கண் செருகி, சுவரில் சாய்ந்தபடி நினைவில்லாமல் இருந்தான்.

குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

எப்படி இழுத்து வந்தேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள்தான் பேசினான்.

"முதல் தடவை மட்டும்தான் மாமா நான் சொன்னேன். ரெண்டாவதுக்கே வேண்டாம்னு கத்த வந்தேன். வாயைப் பொத்திட்டாங்க."

"யாரு?"

அவன் அழுதான். நானும் அழுதேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆவி பட்டு அவன் முகம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. வாயின் மேல் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் தோல் அப்படியே இருந்தது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன.

"விரல் பதிஞ்சிருக்கிற வாட்டத்தைப் பார்த்தா, பின்னாடியிருந்து பொத்தின மாதிரி இருக்கு. இவருக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தது யாரு?"

அவனுக்குப் பின்னால் இருந்தது சுவர்தான்.