அதானே சொல்ல வந்தே?

பேருந்து நிலையத்தில் அவனுக்கு மைக் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. கண்ணாடி போட்ட அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த பஸ் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கிறது, எது புறப்படப் போகிறது என்று நாள் முழுக்க அறிவிப்பதுதான் வேலை. குரல் நல்ல குரல்தான், அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வேலை முடிந்தால் அந்த அறையிலிருக்கிற மைக்கை அணைத்துவிடலாம். இந்த மைக்குக்குத்தான் எங்கே தேடினாலும் சுவிட்ச் கிடைக்காது.

அவனுடைய பெருமைகளிலேயே பெரிய பெருமை அவன் பெண்டாட்டி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். அதை அவள் பேசித்தான் பிறர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை, இவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். டீக்கடையில் சொல்வான், கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொல்வான், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால் அங்கேயும் சொல்வான்.

"திக்கும்னு தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன். குறையோட அப்படியே ஏத்துக்கிட்டேன். அவ மனசுல என்ன இருக்குன்னு எனக்கு அத்துப்படி. அவ வாயே திறக்க வேண்டாம்."

அடேயப்பா, மகாராசன்! இதைச் சொல்லும்போது அவளும் பக்கத்தில்தான் நிற்பாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பாள். கேட்டவர்கள், "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்பார்கள். அந்த ஒரு பாராட்டுக்காக அவளுடைய மானத்தை அவன் போகிற இடமெல்லாம் கூறுபோட்டு விற்றுக்கொண்டிருந்தான். ஏற்றுக்கொண்டவன் அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஏற்றுக்கொள்ளாதவனுக்குத்தானே இத்தனை தம்பட்டம் வேண்டியிருக்கிறது!

சரி, ஏற்றுக்கொண்ட லட்சணம் எப்படி? அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பாள். இரண்டாவது வார்த்தையில் நாக்கு தட்டும். உடனே இந்த முந்திரிக்கொட்டை மீதியை முடித்துவிடுவான். முடித்துவிட்டு, "அதானே சொல்ல வந்தே?" என்பான். அவள் தலையை ஆட்டுவாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து மூச்சு முட்டுவதைவிடத் தலையை ஆட்டுவது சுலபம், வேறென்ன?

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, "எனக்கு மஞ்சள்..." என்றாள். "பிடிக்கும், அதானே?" என்று கூடத்திலிருந்து குளியலறை வரை மஞ்சளாய் அடித்துத் தள்ளினான். மஞ்சள் கண்ணைக் கூசும் என்று சொல்ல வந்தவள், அன்றிலிருந்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு படுக்கிறாள். காற்றுக்காக அப்படிப் படுக்கிறாளாம்! இதுவும் அவன் சொன்னதுதான். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளோடு மட்டும் அவள் போனில் வெகுநேரம் பேசுவாள். திக்கித் திக்கித்தான் பேசுவாள், ஆனாலும் சிரிப்பாள். அவ்வளவு நேரம் என்னதான் பேசுகிறார்கள் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. மனசுதான் அத்துப்படி ஆயிற்றே, கேட்பானேன்?

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரி விரிப்பு, ஹோட்டல் விரிப்பு என்று மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும். அந்த மெஷின் இரைச்சலில் யாராக இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தித்தான் கத்த வேண்டும்; அதனால் அவள் பேச்சு அங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. முதலாளியம்மா பக்கத்து ஊரில் இன்னொரு கிளை திறந்தாள். அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள இவளைக் கேட்டாள். மாடியிலேயே தங்கிக்கொள்ள ஒரு வீடும் உண்டு என்றாள்.

ஒரு வாரம் கழித்து, ஒரு நாள் சாப்பாட்டின்போது அவள் அவனிடம் ஆரம்பித்தாள். "பு... புதுக் கிளைக்கு என்னை..."

"போகச் சொல்றாங்க, உனக்கு பயமா இருக்கு, அதானே? நான் எதுக்கு இருக்கேன்? நானே பேசி வேண்டாம்னு சொல்லிடறேன், நீ நிம்மதியா சாப்பிடு."

மறுநாளே முதலாளியம்மாவுக்கு போன் போட்டான். அறிவிப்புக் குரலிலேயே, "அவளுக்கு அதெல்லாம் ஒத்துவராதுங்க" என்றான்.

"உங்களையா கூப்பிட்டேன்?" என்றாள் அந்த அம்மா. "அவங்க போன வாரமே சரின்னு சொல்லியாச்சே."

"அவளா? வாயைத் திறந்து சொன்னாளா?"

"ஏன், என்னென்ன வசதி வேணும்னும் சொன்னாங்க. நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கென்ன, பஸ்ஸா கிளம்புது?"

அவனுக்குச் சுருக்கென்றது. தன் பெண்டாட்டி ஒரு முழு விஷயத்தை வேறொருத்தியிடம் சொல்லி முடித்திருக்கிறாள்! வீட்டுக்கு வந்ததும் வராததுமாய், "எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று குதித்தான்.

"சொ... சொல்ல வந்தேன். நீங்கதான்..."

"நான்தான் திட்டுவேன்னு பயந்துட்டே, அதானே? அட அசடு! போறதுன்னா போவோம். நானும் அந்த ஊருக்கு மாற்றல் கேட்டா தரமாட்டாங்களா? ரெண்டு பேருமே போவோம்."

"நான் ம... மட்டும்" என்றாள் அவள்.

"மட்டும் முதல்ல போறேன், நீங்க பின்னாடி வாங்க. அதானே சொல்ல வந்தே?"

இந்தத் தடவை அவள் தலையை ஆட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். அன்று அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முதலில் போகிறாளா, ஒரேயடியாகப் போகிறாளா? கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் வரும்வரை பொறுக்க வேண்டுமே, அந்தப் பொறுமைக்கு அவன் எங்கே போவான்?

புறப்படும் நாளும் வந்தது. பஸ் அவன் நிலையத்திலிருந்துதான் கிளம்பியது. அறிவிப்பு வேலையை டைம் கீப்பரிடம் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கி வைக்கிற சாக்கில் ஓடி வந்தான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நீங்க... அங்கே... வ... வர..."

வர வேண்டும் என்கிறாளா, வர வேண்டாம் என்கிறாளா? அவன் உயிரே அந்த நுனியில்தான் தொங்கியது. இன்னும் நாலு எழுத்து, அவ்வளவுதான். டிரைவர் நல்ல மனுஷன், கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்ஜினைக்கூட அணைத்துவிட்டார்.

"அம்மா என்னமோ சொல்றாங்க போலிருக்கு. சொல்லட்டும்ண்ணே, ஒரு நிமிஷத்துல ஒண்ணும் குடி முழுகிடாது."

யாரோ ஊர் பேர் தெரியாத டிரைவருக்குத் தோன்றியது, கட்டினவனுக்குத் தோன்றவில்லையே!

"வரணும், அதானே? வந்துடறேன், வந்துடறேன்!" என்றான். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினான். "அவ்வளவுதாங்க, அவ சொல்லி முடிச்சுட்டா. எடுங்க, நேரமாச்சு!"

பஸ் நகர்ந்தது. அவள் வாய் பாதி திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. அவள் தலையை ஆட்டவில்லை என்பது, பஸ் வாசலைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அறைக்குத் திரும்பியபோது டைம் கீப்பர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவருக்கு அவனைப் பல வருஷமாகத் தெரியும். பாதி நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார்.

"என்னய்யா, வீட்டுக்காரம்மா கடைசியா என்ன சொன்னாங்க? உன்னை வரச் சொன்னாங்களா, இல்லையா?"

வாயைத் திறந்தான்.

"தெரியலை."

டைம் கீப்பர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கென்ன? கையிலதான் போன் இருக்கே. ஒரு போன் போட்டுக் கேட்டுடேன்."

அவன் போனை எடுத்தான். அவள் பெயரைத் தொடப் போன விரல் அப்படியே நின்றது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"போட்டா, நான்தானேய்யா பேசுவேன்" என்றான்.